சொல்லும் வாயும் கடிக்கும் வாயும்

ஆடு, மாடு, நாய், பூனை, காக்கை எல்லாம் மனிதர்கள் பேசுகிற பேச்சையே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உலகம் அதனால் ஒன்றும் நன்றாக இருந்துவிடவில்லை. பேச்சு இருந்த இடத்தில் பொய்யும் இருந்தது. எலி பூனையிடம் வழி கேட்கும். பூனை பொறுமையாக வழி சொல்லிவிட்டு, குறுக்குப் பாதையில் முன்னால் போய்க் காத்திருக்கும். யார் எதைச் சொன்னாலும், சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது போலக் கேட்டவர்கள் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்து நாய்க்கு இன்னொரு குறையும் இருந்தது. விளையாட வந்தாலும் கடிக்க வந்தாலும் அதற்கு ஒரே முகம்தான். காதை நிமிர்த்தி, கண்ணை அசைக்காமல், நேராக ஓடி வரும். எதற்கு வந்தது என்பது வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். அதனால் நாய் களத்திலும் காட்டிலும் கிடந்தது. பூனை வீட்டுக்குள் இருந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்ததாகப் பேச்சே இல்லை.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சின்னாண்டி என்று ஒருவன் இருந்தான். ஆறு மாடுகளின் முதுகில் கம்பும் சோளமும் பொதியாக ஏற்றிக் கடற்கரைக்குப் போவான். உப்பை ஏற்றிக்கொண்டு திரும்புவான். ஒரு நடை போய் வர ஒரு மாதம் ஆகும். அவன் மனைவி விருமாயி வீட்டோடு இருந்து தானியத்தைக் காப்பாள். ஒரே நீள அறைதான் வீடு. உள்சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு மண்ணால் வனைந்த இரண்டு குதிர்கள், நிறையத் தானியம். குதிர்களுக்கு மேலே பரண். இரண்டு குதிர்களுக்கும் நடுவே பரணில் ஏற ஒரு மூங்கில் ஏணி.

தானியத்தை விருமாயி காத்தாள் என்று பெயர்தானே ஒழிய, காத்தது சாம்பி. சாம்பல் நிறப் பூனை. அவள் இருந்ததால்தான் எலிகள் அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயின.

சாம்பிக்கு இடது காது பாதிதான் உண்டு. மீதியை ஒரு களத்து நாய் கொண்டுபோய்விட்டது. “சும்மா விளையாட்டுக்குத்தான் அத்தை” என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தது அந்த நாய். அத்தை என்ற சொல் சாம்பியின் காதில் விழுந்தபோது காதே நாயின் வாயில் இருந்தது. அது பொய் சொல்லிக்கொண்டு வந்ததா, உண்மையாகவே விளையாட வந்து பல் ஆழமாக இறங்கிவிட்டதா என்பது கடைசிவரை தெரியவில்லை. காயம் ஒரு மாதத்தில் ஆறியது. அந்தத் தெரியாமைதான் ஆறவில்லை. அன்றிலிருந்து சாம்பி பரணில்தான் படுத்தாள். ஒரு கண்ணை மூடினால் மற்றது வாசலைப் பார்த்திருக்கும். ஏணியின் படிகள் ஏழு என்பதும், ஓடி வருகிற வேகத்தில் நான்கைத் தொட்டால் போதும் என்பதும் அவளுக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குச் சின்னாண்டி ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். சாக்கு அசைந்தது. உள்ளே இருந்தது ஒரு நாய்க்குட்டி. காட்டாற்று வெள்ளம் தாயையும் கூடப் பிறந்த நாலையும் அடித்துக்கொண்டு போனபிறகு, கரையில் தனியாக நின்று கத்திக்கொண்டிருந்ததாம். செம்பு நிறம். முன்கால்கள் இரண்டு மட்டும் வெள்ளை. வளர்ந்தால் வழியில் பொதிக்குக் காவலாக வருவான் என்று சொல்லி, செம்பன் என்று பெயரும் வைத்துவிட்டான் சின்னாண்டி.

சாக்கின் வாயை அவிழ்த்ததுதான் தாமதம். செம்பன் காதை நிமிர்த்தினான், சாம்பியைப் பார்த்தான், நேராக ஓடினான். சாம்பி நான்கு படிகளைத் தொட்டுப் பரணுக்குப் போனாள். ஆனால் வால் கடைசியாகத்தானே போகும். அதில் ஒரு கொத்து மயிர் செம்பனின் வாயில் நின்றது. அவன் அதைத் துப்பிவிட்டு, இன்னொரு தடவை ஓடலாமா என்று கேட்டான்.

சின்னாண்டி அவனை வாசல் பக்கத்து உரலில் கட்டிப் போட்டான். கயிற்றின் நீளம் குதிர்வரை எட்டாது. சாக்கைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். மறுவாரம் அடுத்த நடைக்கு மாடுகளை ஓட்டும்போது வாசலில் நின்று சொன்னான்: “நான் திரும்பி வர்றப்ப இந்தக் கயிறு அவுந்திருக்கணும். இல்லாட்டி ரெண்டுல ஒண்ணு இந்த வீட்டுல இருக்காது.”

எது என்று சொல்லவில்லை. மாடுகளின் மணிச்சத்தம் குளத்தங்கரையைத் தாண்டி மறைந்தது. வீட்டுக்குள் மூன்று பேரும் அந்த வார்த்தையோடு தனித்து விடப்பட்டார்கள்.

பூனை எங்கேயும் கிடைக்கும், வழிக்குக் காவல் நாய்தான் கிடைக்காது, ஆகவே போகப் போவது நான்தான் என்று நினைத்தாள் சாம்பி. நான் வந்த சாக்கு இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது, அதைத் தூர எறியவில்லை, ஆகவே நான்தான் என்று நினைத்தான் செம்பன். இந்த மனிதன் மனதுக்குள் முடிவு செய்துவிட்டான், என்னிடம்தான் சொல்லவில்லை என்று நினைத்தாள் விருமாயி. ஒருவர் நினைத்ததை மற்றவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமா என்ன.

விருமாயி குட்டியை இரண்டு நாள் கவனித்தாள். அவனிடம் பகை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவர்களைக் கடித்து, கடி வாங்கி, அவர்கள் கத்தினால் விட்டு, தான் கத்தினால் விடப்பட்டு வளர்கிற குட்டிக்குத்தான் தன் பல்லின் அளவு தெரியும். இவனுக்கு அது தெரிவதற்குள் ஆற்று வெள்ளம் வந்துவிட்டது.

அதை அவளே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். கையை நீட்டி விளையாடுவாள். பல் மெதுவாகப் பட்டால் விளையாட்டு தொடரும். அழுந்தினால் “ஆ” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையை இழுத்துக்கொண்டு, முதுகைக் காட்டி, கம்பு புடைக்கப் போய்விடுவாள். அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள். கரையில் தனியாக நின்ற குட்டிக்கு அந்த முதுகைவிடப் பெரிய அடி கிடையாது. பத்து நாளில் பல் எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது.

பிறகு சாம்பி படுக்கிற பழைய கோணித்துண்டை எடுத்துச் செம்பனின் கீழே போட்டாள். செம்பன் படுத்த துணியைப் பரணில் போட்டாள். ஒருவர் வாடை மற்றவருக்குப் பழகட்டும் என்று நினைத்துச் செய்தது. பரணுக்கு வந்த சாம்பி தன் இடத்தில் நாய் வாடை அடிப்பதை மோந்து பார்த்துவிட்டு, கீழே தன் கோணியில் நாய் படுத்திருப்பதையும் எட்டிப் பார்த்தாள். ஓகோ, இடம் மாற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டாள். அன்று முழுவதும் குதிரின் விளிம்பில் உட்கார்ந்தே இருந்தாள்.

சோற்றையும் அப்படியே வைத்தாள் விருமாயி. கயிறு எட்டும் எல்லையில் செம்பனுக்கு ஒரு சட்டி, எட்டாத தூரத்தில் சாம்பிக்கு ஒரு சட்டி. சாம்பியைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்காமல் தின்றால் அவனுக்கு ஒரு கருவாட்டுத் துண்டு கூடுதல். சாம்பிக்கு அதுவும் சரியாகப் படவில்லை. என்னைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும்படி அவனைப் பழக்குகிறாளே இவள் என்று நினைத்தாள்.

கடைசியாக முட்டை. கோழி முட்டை ஒன்றைச் செம்பனின் வாயில் வைத்து, உடைக்காமல் தன் கையில் தர வேண்டும் என்றாள் விருமாயி. முதல் முட்டை உடைந்தது, அவன் நக்கிக்கொண்டான். இரண்டாவது உடைந்தது. மூன்றாவதில் விரிசல். நாலாவது முட்டை எச்சில் வழிய, முழுசாக, விருமாயியின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அவள் சிரித்துவிட்டுப் பரணைப் பார்த்தாள். பாத்தியா என்பது போல.

சாம்பி மேலிருந்தே சொன்னாள்: “முட்டை ஓடாது. அதனால அவனுக்கு அது லேசு.”

உண்மை அதுதான். ஓடுகிற எதைக் கண்டாலும் செம்பனின் காது நிமிர்ந்தது, கயிறு விறைத்தது.

ஒருநாள் விருமாயி தண்ணீருக்குப் போயிருந்தபோது செம்பன் சாம்பியைக் கூப்பிட்டான். “அத்தை, கொஞ்சம் கீழ வாயேன்.”

“அத்தைன்னு கூப்பிடாதே.”

“வேற என்னன்னு கூப்பிட?”

“ஒண்ணும் கூப்பிடாதே. என்னைக் கூப்பிடுறவனெல்லாம் எதுக்குக் கூப்பிடுறான்னு எனக்குத் தெரியும்.”

நான் மெதுவாகத்தான் கடிப்பேன், முட்டைகூட உடையவில்லை என்றான் செம்பன். என் காதைக் கடித்தவனும் ஏதோ ஒரு முட்டையை உடைக்காமல் வைத்திருந்திருப்பான் என்றாள் சாம்பி. அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் பேசுகிற நேரம் முழுவதும் அவள் பார்த்தது அவன் முகத்தை இல்லை, அவனுடைய வெள்ளை முன்கால்களை. நாய் பாயும்போது முன்கால்தான் முதலில் அசையும் என்பது அவள் பட்டுக் கற்றது. அவள் கண் எங்கே நிற்கிறது என்பதைச் செம்பனும் பார்த்திருந்தான்.

சின்னாண்டி திரும்ப நான்கைந்து நாள் இருந்தது. கயிறு இன்னும் அவிழவில்லை. அவன் வந்து பார்த்தால் அனுப்பப்படுவது நான்தான் என்று சாம்பி உறுதியாக நம்பினாள். அப்படி நம்பியதால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். குட்டி அயர்ந்து தூங்கும் மத்தியானங்களில் சத்தமில்லாமல் இறங்கி, உரலை ஒட்டிக் கயிற்றின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து அறுத்தாள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று நாளில் ஒரே ஒரு புரி மிச்சம். சின்னாண்டி வாசலுக்கு வரும் நேரத்தில் அவள் நடுவீட்டில் ஓட வேண்டும். குட்டி துரத்துவான், கயிறு அறும், தான் பரணுக்குப் போய்விடலாம். துரத்துகிறவனைச் சின்னாண்டி தன் கண்ணாலேயே பார்ப்பான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அளந்துவைத்திருந்தாள்.

அந்தக் காலை, குளத்தங்கரைக்கு அப்பாலிருந்து மாட்டு மணி கேட்டது. சாம்பி கயிறு எட்டாத வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்து காதைத் திருப்பி, மணி நெருங்குவதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் விருமாயியும் மணியைக் கேட்டாள். புருஷன் வருகிறான் என்று விடியும்போதே இரண்டு குதிர்களையும் ஈர மண்ணும் சாணியும் குழைத்து மெழுகிவைத்திருந்தாள். களைத்து வரும் மாடுகளுக்கு வைக்கோல் வேண்டுமே என்று நினைத்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வைக்கோல்போருக்குப் போனாள்.

மணி வாசல் வேம்புவரை வந்ததும் சாம்பி எழுந்தாள். குட்டி விழித்திருக்கும்போது ஒரு மாதமாக மிதிக்காத நடுவீட்டுத் தரையில் வந்து நின்றாள். செம்பனைப் பார்த்தாள். ஓடினாள்.

கயிறு ஒருமுறை விறைத்து அறுந்தது. சாம்பி குதிர்களின் நடுவே பாய்ந்தாள். நான்கு படிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. ஏணியே இல்லை. குதிர்மேல் தாவினாள். ஈர மெழுகலில் நகம் வழுக்கி, இரண்டு நீளக் கோடுகளைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்தாள். பின்னால் சுவர், இரு பக்கமும் குதிர். முன்னால் செம்பன்.

அவன் ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டான். ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று. ஓடுவதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் நிற்பதை எப்படித் தொடுவது என்று தெரியும். நிற்பது முட்டை மாதிரி. உடம்பெல்லாம் நடுங்க, மூச்சு வாங்க, அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

“விளையாட்டுக்குத்தான்.”

சாம்பியின் மயிர் சிலிர்த்து அவள் இரண்டு மடங்கு ஆனாள். “இதே சொல்லைத்தான்டா அவனும் சொன்னான். சொல்ற வாயும் கடிக்கிற வாயும் ஒண்ணுதானே. நான் எந்த வாயை நம்ப?”

செம்பன் வாயை மூடிக்கொண்டான். வாயை விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தான். அப்போதும் சாம்பியின் கண் அவன் முன்கால்களில்தான் இருந்தது. இவள் பயப்படுவது இந்த இரண்டுக்குத்தான் என்று அவனுக்குப் பட்டது. அவற்றை முன்னால் நீட்டினான். முழங்கையைத் தரையில் வைத்தான். நெஞ்சைத் தரையில் வைத்தான். தாடையையும் இரண்டு வெள்ளைக் கால்களுக்கு நடுவே வைத்துவிட்டான். இனி அவன் பாய வேண்டுமென்றால் முதலில் எழுந்திருக்க வேண்டும். அவன் எழுவதற்குள் அவள் அவனைத் தாண்டிப் போய்விடலாம். பின்பாதி மட்டும் படிய மறுத்தது. அதற்கு இன்னும் ஓட வேண்டும் என்றே இருந்தது. அது மேலே நின்றபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

சாம்பி அப்படி ஒரு நாயை அதுவரை கண்டதில்லை. கண்டதில்லை என்பதாலேயே நம்பவில்லை. நகத்தை முழுவதும் நீட்டி அவன் மூக்கில் ஓர் அறை கொடுத்தாள். ரத்தம் வந்தது. செம்பன் முனகினான், எழவில்லை. அவள் மறுபடி கையை ஓங்கினாள். ஓங்கிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு நகங்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, வெறும் கையால் அவன் நெற்றியில் தட்டிப் பார்த்தாள். அவன் தும்மினான்.

அப்போதுதான் சின்னாண்டி உள்ளே வந்தான். அறுந்த கயிறு, மூலையில் ஒண்டிய பூனை, தரையில் ரத்தம், குதிரில் கிழிசல். அவனுக்கு அது போதும். ஆணியிலிருந்து சாக்கை எடுத்து உதறினான்.

“நான் கடிக்கல” என்றான் செம்பன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்றான் சின்னாண்டி.

வைக்கோலோடு வந்த விருமாயி உரலடியில் கிடந்த கயிற்றுமுனையை எடுத்துப் பார்த்தாள். அடிப்பக்கம் சீராக அறுபட்டிருந்தது. ஒரு புரி மட்டும்தான் பிய்ந்திருந்தது. நாய்க்குட்டி மென்றால் கயிறு நார் நாராகத் தொங்கும். இது அப்படி இல்லை. அவள் சாம்பியைப் பார்த்தாள். சாம்பி அவளைப் பார்த்தாள்.

சாம்பி நினைத்தது நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது. அவள் செய்ய வேண்டியது சும்மா இருப்பது ஒன்றுதான். சாக்கின் வாய் விரிந்து, குட்டியின் தலைக்கு மேல் வந்தது. அதற்குள்ளிருந்து ஆற்று வாடை இன்னும் வீசியது. கயிற்றைக் கடித்தது நான்தான் என்று சொல்லலாமா என்று அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் யார் நம்புவது? பேச்சை நம்பாதே என்று ஒரு மாதமாக இந்த வீட்டுக்கே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

வாயை மூடிக்கொண்டு நடந்து வந்தாள். சாக்குக்கும் குட்டிக்கும் நடுவே தரையில் பக்கவாட்டில் சரிந்து படுத்தாள். எந்த நாய்க்கும் காட்டாத வயிறு வெளியே தெரிந்தது. பாதிக் காது செம்பனின் வாய்க்கு நேராக இருந்தது. செம்பன் அதைப் பார்த்தான். முன்கால்களை நீட்டி, மறுபடி நெஞ்சைத் தரையில் வைத்தான். அவள் நகமில்லாத கையால் அவன் முகத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் பல் அவளுடைய காதை ஒருமுறை தொட்டுவிட்டு விலகியது. முட்டையைத் தொட்டது போலத்தான்.

சின்னாண்டி கையில் சாக்கோடு அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு சாக்கை ஆணியில் மாட்டாமல் உரலடியில் விரித்துப் போட்டான்.

“கயிறு?” என்று கேட்டான்.

“இத்துப்போன கயிறு” என்றாள் விருமாயி. அதைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். அது உண்மை இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கலாம். அவன் மாடுகளின் பொதியை இறக்கப் போனான்.

இதெல்லாம் முடிந்து பல தலைமுறைக்குப் பிறகு விலங்குகளை விட்டுப் பேச்சு போய்விட்டது. ஏன் போனது என்பது வேறு கதை. மாடு அழுதது, காக்கை இன்றுவரை அதைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கிறது. செம்பன் வழி நாய்களும் சாம்பி வழிப் பூனைகளும் இருந்த வீடுகளில் மட்டும் பேச்சு போனது தெரியவே சில நாள் ஆயிற்றாம். அவர்கள் அதைப் புழங்குவதை எப்போதோ விட்டிருந்தார்கள்.

நாய் விளையாடக் கூப்பிடும்போது முன்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பாதியை மட்டும் தூக்கி வாலாட்டுவதும், பழகிய நாயைத் தட்டும்போது வீட்டுப் பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதும் அந்தக் காலையில் தொடங்கியவைதாம். நாய் எவ்வளவு தாழக் குனிந்தாலும், கிட்டே போவதற்கு முன் பூனை ஒருமுறை திரும்பி, ஏறிக்கொள்ள உயரமாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறதே, அதுவும்தான்.